‘ஆம்’ எங்கே போனது? – செய்தி எழுதப் பழகுவது பற்றிச் சில குறிப்புகள்

டீக்கடைக்கு வந்த ஒருவர், “பைபாஸ்ல லாரி கவுந்துடுச்சாம்” என்கிறார். அந்தச் சொல்லின் கடைசியில் ஒட்டிக்கொண்டிருக்கும் ‘ஆம்’ எவ்வளவு வேலை செய்கிறது என்று கவனித்திருக்கிறீர்களா? நான் பார்க்கலை, யாரோ சொன்னாங்க, சரியா தப்பான்னு எனக்குத் தெரியாது என்று மூன்று விஷயங்களை ஒரே அசையில் சொல்லிவிடுகிறது. நேரில் பார்த்தவர் “கவுந்துடுச்சு” என்பார். கேள்விப்பட்டவர் “கவுந்துடுச்சாம்” என்பார். பள்ளிக்கூடம் பக்கமே போகாத ஆள்கூட இதில் தவறுவதில்லை. பாட்டி கதை சொல்லும்போதும் ராஜா “இருந்தார்” என்று சொல்வதில்லை, “இருந்தாராம்” என்றுதான் சொல்கிறாள். ராஜாவுக்கு அவள் சாட்சி இல்லை என்பதில் அவ்வளவு நேர்மை.

இப்போது அதே ஆள் போனை எடுத்து குரூப்பில் தட்டுகிறார்: “பைபாஸில் லாரி கவிழ்ந்து விபத்து. 4 பேர் பலி. அதிகம் பகிரவும்.” ‘ஆம்’ காணாமல் போய்விட்டது. வாயால் சொல்லும்போது இருந்த எச்சரிக்கை, எழுத்துக்கு வந்ததும் உதிர்ந்துவிட்டது. எழுத்துத் தமிழ் என்றால் விறைப்பாக இருக்க வேண்டும் என்று நாமாக வைத்துக்கொண்ட பழக்கம்தான் காரணம் என்று நினைக்கிறேன். “கவிழ்ந்துவிட்டதாம்” என்று எழுதினால் பேச்சுவழக்கு போலத் தெரிகிறது. அதனால் வெட்டிவிடுகிறோம்.

பத்திரிகைத் தமிழ் இதற்கு ஒரு மாற்று வைத்திருக்கிறது: “என்று கூறப்படுகிறது”, “எனத் தெரிகிறது”, “எனத் தகவல் வெளியாகியுள்ளது”. பார்க்க ‘ஆம்’ மாதிரியே இருக்கும், ஆனால் செய்கிற வேலை வேறு. ‘ஆம்’ போட்டவரிடம் “யார் சொன்னா?” என்று உடனே கேட்கலாம், ஆள் எதிரிலேயே நிற்கிறார். “கூறப்படுகிறது” என்பதில் கூறியவரும் இல்லை, கேட்டவரும் இல்லை. எழுதியவர் தப்பித்துக்கொள்ள ஒரு பின்வாசல், அவ்வளவுதான்.

செய்தி எழுதப் பழகுவது என்றால் மொழிநடை, தலைப்பு, ‘நச்’சென்று ஆரம்பிப்பது என்றெல்லாம் பலர் நினைக்கிறார்கள். அவையெல்லாம் பிறகு. தொலைந்துபோன அந்த ‘ஆம்’மைத் திருப்பிக் கொண்டுவந்து, அதோடு “யார் சொன்னது” என்பதையும் சேர்த்து எழுதுவதுதான் முதல் பாடம். முக்கால்வாசிப் பாடமும் அதுதான்.

இதில் உயிர் சம்பந்தப்பட்டிருக்கிறது. 2018 மே மாதம் திருவண்ணாமலை மாவட்டம் போளூர் அருகே நடந்தது பலருக்கு நினைவிருக்கும். உறவினர்களோடு காரில் கோயிலுக்கு வந்த 65 வயது அம்மா ஒருவர், வழியில் குழந்தைகளுக்குச் சாக்லேட் கொடுத்திருக்கிறார். குழந்தை கடத்தும் கும்பல் என்று சந்தேகப்பட்டு ஊர் கூடி அடித்ததில் அவர் இறந்துபோனார். உடன் வந்தவர்களுக்குப் பலத்த காயம். வடமாநிலத்திலிருந்து கடத்தல் கும்பல் வந்திருக்கிறது என்று அந்த வாரங்களில் வாட்ஸ்அப்பில் சுற்றிக்கொண்டிருந்த செய்திகள்தான் பின்னணி. ஜூலை 1 அன்று மகாராஷ்டிரத்தின் துலே மாவட்டத்தில் இதே வதந்தியில் ஐந்து பேர் கொல்லப்பட்டார்கள். அந்த மாதம்தான் வாட்ஸ்அப், இந்தியாவில் ஒரு செய்தியை ஒரே நேரத்தில் ஐந்து உரையாடல்களுக்கு மேல் அனுப்ப முடியாதபடி கட்டுப்பாடு கொண்டுவந்தது.

அப்போது நாடு முழுக்கச் சுற்றிய வீடியோக்களில் ஒன்று, பைக்கில் வரும் இருவர் தெருவில் விளையாடும் குழந்தையைத் தூக்கிக்கொண்டு போவது. பார்த்தால் யாருக்கும் பதறும். ஆனால் அது பாகிஸ்தானின் கராச்சியில் எடுக்கப்பட்ட விழிப்புணர்வு விளம்பரம். முழு வடிவத்தில் அந்த இருவரும் குழந்தையைத் திரும்பக் கொண்டுவந்து விட்டுவிட்டு, குழந்தைகளைக் கவனமாகப் பார்த்துக்கொள்ளச் சொல்லும் அட்டையைப் பிடித்துக் காட்டுவார்கள். யாரோ கடைசிப் பகுதியை வெட்டிவிட்டார்கள். இது எங்கே எடுத்தது, எப்போது, எடுத்தது யார், இதற்கு முன்னும் பின்னும் என்ன இருக்கிறது என்று கேட்டிருந்தால் வீடியோ அங்கேயே நின்றுபோயிருக்கும். இதழியல் வகுப்பில் சொல்லித்தருவதும் இதே கேள்விகள்தான். நமக்கு என்ன, எங்கே, எப்போது, யார், ஏன் எல்லாம் பள்ளிப் பாடத்திலிருந்தே மனப்பாடம். அனுப்பும் விரலுக்கு முன்னால் அவை வருவதில்லை, அதுதான் சிக்கல்.

‘எப்போது’ என்ற ஒரே கேள்வியின் மதிப்பை 2015 டிசம்பர் சென்னை வெள்ளத்தில் பார்த்தோம். “இன்ன இடத்தில் கர்ப்பிணி சிக்கியிருக்கிறார், படகு வேண்டும்” என்று வரும். அனுப்பியது காலையா இரவா, நேற்றா இன்றா, எதுவும் இருக்காது. மீட்டுக் கரை சேர்த்த பிறகும் அதே செய்தி சுற்றிக்கொண்டே இருக்கும். தேதியும் நேரமும் சேர்த்து எழுத ஐந்து நொடிதான் ஆகும். அதைச் சேர்க்காத செய்தி, படகோட்டுபவரின் ஒரு மணி நேரத்தைத் தின்றுவிடும்.

நான் பத்திரிகையாளன் இல்லை. பி.இ. படித்துவிட்டு இருபது வருஷத்துக்கு மேலாக மென்பொருள் எழுதுகிறவன். ஏரி, கால்வாய், பழைய நிலவரைபடம் என்று தேடிப் போகும் ஆர்வத்தில், உள்ளூர் விஷயங்களை எப்படிச் சரிபார்த்து எழுதுவது என்று கொஞ்சம் கொஞ்சமாகப் பழகிக்கொண்டது இது. எங்கள் தொழிலில் ‘பக் ரிப்போர்ட்’ என்று ஒன்று உண்டு. “ஆப் வேலை செய்யலை” என்று ஒரு வரியில் வரும் புகாரை வைத்துக்கொண்டு ஒன்றும் செய்ய முடியாது. எந்தப் போன், எந்தப் பதிப்பு, எதை அழுத்தினீர்கள், என்ன வந்திருக்க வேண்டும், என்ன வந்தது என்று எழுதினால்தான் இன்னொருவர் அதே படிகளில் நடந்துபோய் அதே பிழையைப் பார்க்க முடியும். நல்ல செய்திக்கும் இதே குணம்தான். என்னை நம்பச் சொல்லாமல், நான் போன வழியை வாசகருக்குக் காட்டிவிட வேண்டும்.

இதழியல் படிக்காதவர்கள் செய்தி எழுதுவது புதிதும் அல்ல. தென்கொரியாவில் ஓ யோன்-ஹோ என்ற பத்திரிகையாளர் 2000 பிப்ரவரி 22 அன்று ‘ஓமைநியூஸ்’ என்ற தளத்தைத் தொடங்கினார். ஒவ்வொரு குடிமகனும் ஒரு செய்தியாளர் என்பது அதன் முழக்கம். முதல் நாளில் 727 பேர் பதிவு செய்திருந்தார்கள். இல்லத்தரசிகள், மாணவர்கள், அலுவலக ஊழியர்கள். எல்லோரும் எழுதலாம் என்பதை மட்டும்தான் பலர் சொல்கிறார்கள். உண்மைப் பெயரில்தான் பதிய வேண்டும், நெறிமுறைகளுக்கு ஒப்புக்கொள்ள வேண்டும், எழுதியதைச் சம்பளத்துக்கு வேலை பார்க்கும் ஆசிரியர் குழு பார்த்த பிறகுதான் செய்தியாக வெளியிடுவார்கள் என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். 2002 அதிபர் தேர்தலில் வென்ற ரோ மூ-ஹியூன், வென்றபின் தன் முதல் பேட்டியை இவர்களுக்குத்தான் கொடுத்தார்.

நம் நாட்டில் எனக்கு மிகவும் பிடித்தது ‘கபர் லஹரியா’. 2002ல் உத்தரப் பிரதேசத்தின் சித்ரகூட்டில் புந்தேலி மொழியில் தொடங்கிய பத்திரிகை. எழுதியவர்கள் கிராமத்துப் பெண்கள், பலர் தலித்துகள், சிலர் வயது வந்த பிறகு எழுதப் படிக்கக் கற்றுக்கொண்டவர்கள். பிறகு டிஜிட்டலுக்கு மாறி போனில் வீடியோ எடுத்துப் போடுகிறார்கள். இவர்களைப் பற்றிய ஆவணப்படம் ஆஸ்கர் பரிந்துரை வரை போனது.

சத்தீஸ்கரின் ‘சிஜிநெட் ஸ்வரா’ வேறு மாதிரி. சுப்ரான்சு சௌத்ரி 2010ல் தொடங்கியது. இணையம் எட்டாத பழங்குடிப் பகுதியிலிருந்து சாதாரண போனில் கூப்பிட்டு, 1 அழுத்தினால் செய்தி சொல்லலாம், 2 அழுத்தினால் கேட்கலாம். கோண்டி மொழியிலும் பேசலாம். வந்ததை ஒரு குழு சரிபார்த்த பிறகே மற்றவர்களுக்குக் கேட்கும். கைப்பம்பு கெட்டுவிட்டது, கூலி வரவில்லை என்று சொல்கிறவர், சம்பந்தப்பட்ட அதிகாரியின் போன் நம்பரையும் கடைசியில் சொல்வார். கேட்டவர்கள் அந்த நம்பருக்கு அழைத்து விசாரிப்பார்கள். பக் ரிப்போர்ட்டை யாருக்கு அனுப்ப வேண்டும் என்பதையும் சேர்த்தே கொடுத்துவிடுகிற ஏற்பாடு.

இந்த மூன்றிலும் பொதுவாக ஒன்று இருக்கிறது. எழுதியவருக்கும் வாசகருக்கும் நடுவில் “உங்களுக்கு எப்படித் தெரியும்?” என்று கேட்க ஒரு ஆள் இருக்கிறார். தனியாக எழுதும் நமக்கு அந்த ஆள் கிடையாது. நம்மை அவ்வளவாக நம்பாத ஒரு நண்பரையோ, வீட்டுக்காரம்மாவையோ அந்த நாற்காலியில் உட்காரவைப்பது நல்லது. பாராட்டுகிற நண்பர் இதற்கு உதவ மாட்டார்.

சரி, எழுதுவதற்கு வருவோம். முக்கியமானது முதலில், விவரம் பிறகு, பின்னணி கடைசியில் என்பதைத் தலைகீழ்ப் பிரமிடு என்பார்கள். அமெரிக்க உள்நாட்டுப் போரில் தந்திக் கம்பி எப்போது அறுந்துபோகுமோ என்ற பயத்தில் செய்தியாளர்கள் முடிவை முதலில் அனுப்பினார்கள், அப்படித்தான் இது பிறந்தது என்று ஒரு கதை உண்டு. கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் ஹோர்ஸ்ட் பாட்கர் என்ற ஜெர்மன் ஆய்வாளர் நியூயார்க் நாளிதழ்களின் பழைய இதழ்களைப் புரட்டிப் பார்த்து 2003ல் எழுதிய கட்டுரைப்படி, இந்த வடிவம் 1880களில்தான் தலைகாட்டுகிறது. போர் 1865லேயே முடிந்துவிட்டது. வாசகருக்கு எளிதில் புரிய வேண்டும் என்ற எண்ணமே காரணமாக இருக்கும் என்பது அவர் கட்சி. செய்தி எழுதுவதைப் பற்றிய பிரபலமான செய்தியையே சரிபார்க்க வேண்டியிருக்கிறது பாருங்கள்!

எப்படிப் பிறந்திருந்தாலும் வடிவம் உபயோகமானது. ஆனால் தமிழில் ஒரு இடைஞ்சல். நம் வாக்கியத்தில் வினை கடைசியில் வருகிறது. முக்கியமானதை முதலில் சொல் என்றால், வாக்கியமே முக்கியமானதைக் கடைசிக்குத் தள்ளிவிடுகிறது. “நேற்று மாலை வேலை முடிந்து வீடு திரும்பிக்கொண்டிருந்தபோது எதிரே அதிவேகமாக வந்த கட்டுப்பாட்டை இழந்த லாரி மோதியதில் பைக்கில் சென்ற இருவரும் படுகாயமடைந்து மருத்துவமனைக்குக் கொண்டு செல்லப்பட்ட நிலையில்” என்று ரயில் மாதிரிப் போகும். யாருக்கு என்ன ஆனது என்று தெரிவதற்குள் மூச்சு வாங்கும். இடையில் “அதிவேகமாக”, “கட்டுப்பாட்டை இழந்த” என்று யாரும் நிரூபிக்காத இரண்டு விஷயங்கள் எச்சமாக நுழைந்து உட்கார்ந்துகொள்ளும். எச்சத்தில் சொன்னதை யாரும் கேள்வி கேட்பதில்லை. ஆகவே நான் முதல் வாக்கியத்தை எட்டுப் பத்துச் சொல்லில் முடித்துவிடப் பார்க்கிறேன். “லாரி மோதி பைக்கில் சென்ற இருவர் காயமடைந்தனர்.” முற்றுப்புள்ளி. மற்றதெல்லாம் அடுத்த வாக்கியத்தில், சொன்னவர் பெயரோடு. 1942ல் மதுரையில் தினத்தந்தியைத் தொடங்கிய சி.பா. ஆதித்தனார், சாதாரண மக்கள் வாய்விட்டுப் படித்தால் புரியும்படி செய்தி இருக்க வேண்டும் என்று வலியுறுத்தினார். டீக்கடையில் ஒருவர் படிக்க நாலுபேர் கேட்ட காலத்தில் அது வியாபாரத் தேவையும்கூட. சத்தம் போட்டுப் படித்துப் பார்ப்பது இன்றைக்கும் நல்ல சோதனை.

ஒரு மாதிரி எடுத்துக்கொள்வோம். ஊர், தெருப் பெயர் வேண்டாம். வழக்கமாக வரும் செய்தி இது:

“எங்க தெருவில் வடிகாலுக்குத் தோண்டிய பள்ளம் மாதக்கணக்கில் மூடாமல் கிடக்கிறது. அதிகாரிகள் தூங்குகிறார்கள். எல்லாம் கமிஷன்! பலர் விழுந்து கை கால் உடைந்துள்ளது. விழித்துக்கொள் தமிழா!”

கோபம் நியாயமானதுதான். ஆனால் இதைப் படிக்கும் பொறியாளருக்கும் வார்டு உறுப்பினருக்கும் பதில் சொல்ல வேண்டிய கட்டாயமே இல்லை. “மாதக்கணக்கில்” என்றால் எத்தனை? “பலர்” என்றால் யார்? “கமிஷன்” என்பதற்கு என்ன ஆதாரம்? ஒரு சனிக்கிழமை காலை செலவழித்து, அளவு டேப்பும் நோட்டும் எடுத்துக்கொண்டு போனால் அது இப்படி ஆகும்:

“மழைநீர் வடிகாலுக்காகத் தோண்டிய பள்ளம் ஐந்து மாதமாக மூடப்படவில்லை. மூன்று பேர் இதில் விழுந்து காயமடைந்ததாகத் தெருவாசிகள் இருவர் கூறினர். பள்ளம் 40 மீட்டர் நீளம், 1.2 மீட்டர் ஆழம் (நவம்பர் 9 காலை அளந்தது). சுற்றிலும் தடுப்போ எச்சரிக்கைப் பலகையோ இல்லை. ஆகஸ்ட் 31க்குள் பணி முடிய வேண்டும் என்று அங்குள்ள பணி விவரப் பலகை சொல்கிறது. விழுந்தவர்களில் 62 வயதுப் பெண் ஒருவர் சிகிச்சைச் சீட்டைக் காட்டினார். மற்ற இருவரைச் சந்திக்க முடியவில்லை. கேபிளை மாற்ற வேறொரு துறையின் அனுமதிக்காகக் காத்திருப்பதாகவும், கடிதம் அனுப்பி இரண்டு மாதம் ஆவதாகவும் உதவிப் பொறியாளர் தெரிவித்தார்.”

கோபம் ஒரு சொல்லிலும் இல்லை. படிப்பவருக்குத்தான் கோபம் வரும். “மூன்று பேர்” என்பது தெருவாசிகள் சொன்னது, நான் பார்த்தது ஒருவரை மட்டும் என்பது பிரித்துத் தெரிகிறது, பாருங்கள். டீக்கடை ‘ஆம்’ திரும்பி வந்துவிட்டது. இன்னொன்று: பொறியாளரிடம் கேட்டதும் கதையே மாறிவிட்டது. கமிஷன் என்று நினைத்த இடத்தில், இரண்டு அலுவலகங்களுக்கு நடுவே மாட்டிக்கொண்ட ஒரு கடிதம் இருக்கிறது. எதிர்த்தரப்பைக் கேட்பது மரியாதைக்காக என்று நினைப்பவர்கள் உண்டு. பெரும்பாலும் அடுத்த செய்தி அங்கேதான் கிடைக்கிறது. அவர் போன் எடுக்காவிட்டால், எந்த நாளில் எத்தனை முறை அழைத்தோம் என்பதைப் போட்டுவிடலாம். “பதில் சொல்ல மறுத்தார்” என்று எழுதக் கூடாது. எடுக்காததும் மறுத்ததும் ஒன்றல்ல.

அடுத்த கட்டம் காகிதம். தகவல் அறியும் உரிமைச் சட்டம் 2005 எல்லோருக்கும் தெரியும், ஆனால் கேட்கத் தெரிவதில்லை. “ஏன் மூடவில்லை?” என்று கேட்டால், காரணம் சொல்வது தகவல் ஆகாது என்று திருப்பிவிடுவார்கள். இருக்கும் ஆவணத்தைக் கேட்க வேண்டும்: பணி ஆணையின் நகல், ஒப்பந்தத்தின் நகல், அளவுப் புத்தகத்தின் (காண்ட்ராக்டர்கள் ‘எம் புக்’ என்பார்கள்) பக்கங்கள், அந்தக் கேபிள் சம்பந்தமான கடிதப் போக்குவரத்து. தமிழ்நாட்டு அலுவலகங்களுக்குக் கட்டணம் 10 ரூபாய், நீதிமன்றக் கட்டண வில்லையாக ஒட்டி அனுப்பலாம். 30 நாளில் பதில் வர வேண்டும், வராவிட்டால் மேல்முறையீடு. பலருக்குத் தெரியாத ஒன்று, பிரிவு 2(ஜே) என்று நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்: பணிகளையும் ஆவணங்களையும் நேரில் பார்வையிடவும், பொருள்களின் மாதிரி எடுக்கவும் அதில் உரிமை இருக்கிறது. போட்ட சிமெண்டையே மாதிரி கேட்கலாம்! கிராமம் என்றால் கிராம சபை இருக்கிறது. தமிழ்நாட்டில் 2022 முதல் ஆண்டுக்கு ஆறு முறை. வரவு செலவு அங்கே வைக்கப்பட வேண்டும். உட்கார்ந்து குறிப்பெடுப்பதற்கு அதைவிட நல்ல பயிற்சி வகுப்பு கிடையாது.

எண்கள் என்றால் எனக்குக் கொஞ்சம் கிறுக்கு, பொறுத்துக்கொள்ளுங்கள். “ஏராளமானோர் திரண்டனர்”, “ஆயிரக்கணக்கானோர் பங்கேற்பு” என்ற வரிகளைப் பார்த்தால் கை அரிக்கும். 1960களில் கலிபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் இதழியல் கற்பித்த ஹெர்பர்ட் ஜேக்கப்ஸ், மாணவர் போராட்டங்கள் நடந்த சதுக்கத்தைத் தன் அறை ஜன்னலிலிருந்து பார்ப்பார். தரையில் கட்டம் போட்ட கான்கிரீட். சில கட்டங்களில் தலைகளை எண்ணி ஒரு கணக்குக்கு வந்தார்: தளர்வாக நிற்கும் கூட்டத்தில் ஒருவருக்கு 10 சதுர அடி, நெருக்கமாக நின்றால் நாலரை, மூச்சு முட்டும் நெரிசலில் இரண்டரை. நம்ம ஊர் கல்யாண மண்டப வாசல் 60 அடிக்கு 40 அடி என்றால் 2,400 சதுர அடி. தளர்வாக நின்றால் 240 பேர், நெருக்கமாக நின்றால் சுமார் 530. எப்படிப் பார்த்தாலும் “ஆயிரக்கணக்கானோர்” அங்கே நிற்க முடியாது. போராட்டக்காரர்கள் 2,000 என்பார்கள், போலீஸ் 200 என்பார்கள். இரண்டையும் சொன்னவர் பெயரோடு போட்டுவிட்டு, இடத்தின் அளவையும் போட்டுவிட்டால் போதும்.

படங்களுக்கும் ஒரு வார்த்தை. வாட்ஸ்அப் வழியாக வந்த படத்தில், எடுத்த நேரம், இடம் போன்ற உள் தகவல்கள் அழிந்துபோயிருக்கும். முடிந்தால் எடுத்தவரிடமே மூலக் கோப்பைக் கேட்டு வாங்குங்கள். கூகுள் லென்ஸ், டின்ஐ போன்றவற்றில் படத்தைத் தேடினால் பழைய படமா என்பது பாதி நேரம் நிமிஷத்தில் தெரிந்துவிடும். கடைப் பலகை, பஸ் நிறம், நம்பர் பிளேட், மின்கம்பத்தின் வடிவம் இவையெல்லாம் ஊரைக் காட்டிக்கொடுக்கும்.

சொற்களில் ஒளிந்திருக்கும் தீர்ப்புகளைப் பற்றித் தனியாகவே எழுதலாம். ‘கள்ளக்காதல்’ என்று தலைப்பில் போட்டுவிட்டால் விசாரணையும் முடிந்தது, தண்டனையும் முடிந்தது. போலீஸ் கூட்டிப்போனவர் எல்லாம் கைதானவர் அல்ல, கைதானவர் எல்லாம் குற்றவாளி அல்ல. விசாரணைக்கு அழைக்கப்பட்டவர், கைது செய்யப்பட்டவர், குற்றம் சாட்டப்பட்டவர், தண்டிக்கப்பட்டவர் என்று நாலு படி இருக்கிறது. எந்தப் படியில் நிற்கிறாரோ அந்தச் சொல்லைத்தான் போட வேண்டும்.

இதில் சட்டமும் இருக்கிறது. பத்திரிகையாளருக்கு என்று தனியாகப் பேச்சுரிமை நம் அரசியலமைப்பில் இல்லை. பிரிவு 19(1)(அ) எல்லாக் குடிமக்களுக்கும் பொது, அவர்களுக்கும் நமக்கும் அதேதான். ஆகவே வழக்கும் பொதுதான். பழைய இந்திய தண்டனைச் சட்டத்தின் 499, 500 பிரிவுகளில் இருந்த அவதூறு, 2024 ஜூலை 1 முதல் பாரதிய நியாய சன்ஹிதாவில் 356ஆம் பிரிவு. “உண்மையைத்தானே எழுதினேன்” என்பது மட்டும் அதில் போதாது. உண்மையாகவும் இருக்க வேண்டும், பொது நன்மைக்காகவும் இருக்க வேண்டும். பள்ளத்தைப் பற்றி எழுதலாம், பொறியாளரின் குடும்பச் சண்டையைப் பற்றி எழுதக் கூடாது என்று சுருக்கமாகப் புரிந்துகொள்கிறேன். பாலியல் குற்றத்தால் பாதிக்கப்பட்டவரின் பெயரோ, அடையாளம் தெரியவைக்கும் விவரமோ வரக் கூடாது. குழந்தை என்றால் போக்சோ சட்டத்தின் 23ஆம் பிரிவு பள்ளி, தெரு, உறவினர் பெயர் வரை தடுக்கிறது. பெயரை மறைத்துவிட்டு “இன்ன பள்ளியில் எட்டாம் வகுப்பு படிக்கும், இன்ன கடைக்காரரின் மகள்” என்று எழுதுகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். ஊருக்கே தெரிந்துவிடும். தற்கொலைச் செய்திகளில் முறையையும் இடத்தையும் விவரிக்கக் கூடாது என்று இந்தியப் பத்திரிகைக் கவுன்சில் 2019ல் வழிகாட்டுதல் கொடுத்திருக்கிறது. கவுன்சிலுக்கு நம்மைக் கட்டுப்படுத்தும் அதிகாரம் இல்லாமல் இருக்கலாம், படிக்கிறவருக்கு வரும் பாதிப்பு ஒன்றுதான்.

கடைசியாகத் திருத்தம். மென்பொருளில் ஒவ்வொரு மாற்றத்துக்கும் வரலாறு இருக்கும். யார், எப்போது, எந்த வரியை மாற்றினார்கள் என்று பார்க்கலாம். செய்திக்கும் அதுவே வேண்டும். அந்தப் பள்ளத்தை ஒரு வாரம் கழித்து மூடிவிட்டால் பழைய செய்தியை அழிக்க வேண்டியதில்லை. மேலே ஒரு வரி போதும்: “நவம்பர் 17 அன்று பள்ளம் மூடப்பட்டது. மாலை 5 மணிக்கு நேரில் பார்த்தேன்.”